பெண் வீட்டில் காணாமல் போன டிஸ்க்

கைக்கண்ணன் என் கூடப்பிறந்த தம்பியின் மூத்த மகன். கண்ணால் பார்க்க வேண்டியதையும் கையாலேயே பார்த்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். வைத்தவர் என் தங்கை வீட்டுக்காரர். குடும்பத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

என் தம்பி பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். நாள் முழுக்கப் பூட்டு செய்துவிட்டு வருபவனுக்கு வீட்டில் எல்லாம் மூடியபடி இருக்க வேண்டும். மகனோ எதையும் மூடியபடி விட்டுவைக்காதவன். கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, ஒரு தடவை என் செருப்பின் குதிகால். அடி வாங்கி வாங்கி அவன் ஒரு வித்தை கற்றுக்கொண்டான். அப்பன் எதிரே சுவரில் சாய்ந்து நின்று, "இன்னைக்கு வேலை ரொம்பக் கஷ்டமாப்பா?" என்று சிரித்த முகமாகக் கேட்பான். முதுகுக்குப் பின்னால் அவன் கை ரேடியோவின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருக்கும். பிள்ளை இவ்வளவு பாசமாக விசாரிக்கிறானே என்று என் தம்பி உருகிப்போவான். மறுநாள் ரேடியோ பாடாது.

அந்தப் பழக்கம் வளர்ந்து தொழிலாகிவிட்டது. செருப்புக்கடை மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒடுக்கமான அறையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்தான். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பான். கை பெட்டிக்குள் தன்பாட்டுக்கு வேலை செய்யும். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். டீ டம்ளரையும் அந்தக் கை பெட்டிக்குள் வைத்து மூடிவிட்ட அன்றைக்கு மட்டும் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை.

கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பாட்டு டீச்சரின் கம்ப்யூட்டரில் அதை ஓட்டுகிற சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டான். பேச்சு சுவாரசியத்தில் தப்பான டிஸ்க்கைத் தொட்டு, அந்தம்மா காலம் காலமாகப் பதிந்து வைத்திருந்த பாட்டையெல்லாம் அழித்துவிட்டான். அந்தம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போன பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடிக்காட்டினார், என்னவெல்லாம் போயிற்று என்று இவனுக்குத் தெரியட்டும் என்று. மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் பாடினார்.

அதற்குப் பிறகு கைக்கண்ணனுக்கு ஒரு சட்டம் உண்டானது. "வேண்டியதை முதல்ல கழட்டு, அப்புறம் கையை வை." கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் என்று ஒரு பெட்டி இருக்கிறது, நாம் சேர்த்து வைப்பதெல்லாம் அதில்தான். அதற்கு இரண்டு வயர். ஒன்று கரன்டு கொடுக்கும், இன்னொன்று தகவலைக் கொண்டுபோகும். அழியக்கூடாத டிஸ்க்கின் கரன்டு வயரை முதலில் பிடுங்கிவிட்டால், அப்புறம் எவ்வளவு கூத்தடித்தாலும் அது பத்திரமாக இருக்கும். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவான், வீட்டில் சொல்லுவான், நான் குளிக்கப் போனால் தோட்டைக் கழற்றச் சொல்லி அதற்கும் இதையே சொல்லுவான். எங்களுக்கெல்லாம் மனப்பாடம். எங்களைவிட நன்றாக மனப்பாடம் செய்தவள் எதிர்க்கடையில் இருந்தாள்.

எதிரே மருந்துக்கடை. அங்கே பில் போடுகிற பெண் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் கிண்டல் செய்பவள். மருந்துக்கடைக் கம்ப்யூட்டர் ஒரு தடவை நின்றுபோனது; கைக்கண்ணன் போய்ச் சரிசெய்தான். அடுத்த வாரம் மறுபடி நின்றது. அதற்கடுத்த வாரமும் நின்றது. கடை முதலாளி வேறு கம்ப்யூட்டரே வாங்கிப் போட்டார். அது இன்னும் வேகமாக நின்றது.

சிக்கல் பெண்ணின் அப்பாவிடம் இருந்தது. அவர் வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பவர். சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருப்பார். தெருவில் ஸ்கேல்காரர் என்றால்தான் தெரியும். அவருடைய அக்கா மகள் யாரையோ விரும்பிக் கட்டிக்கொண்டு, ஒரே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் வீட்டில் ஒரே பேச்சு: "தானா பாத்துக்கிட்டது எதுவும் இந்த வாசப்படி ஏறக்கூடாது. நான் அளந்து பாத்துத்தான் கொடுப்பேன்."

ஆகவே நான் போக வேண்டியதாயிற்று. மருந்து வாங்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்த்தேன், பிடித்திருந்தது, விலாசம் கேட்டு வந்தேன், பையனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று அவர் வீட்டில் போய்ச் சொன்னேன். என் முட்டி வலி மட்டும் நிஜம். மற்றதெல்லாம் கைக்கண்ணன் சொல்லிக்கொடுத்தது.

ஸ்கேல்காரர் யோசித்தார். "பையன் கம்ப்யூட்டர் ரிப்பேரா? அப்ப ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. என் கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு டிஸ்க் மாட்டியிருக்கேன். அதுல சிஸ்டம் போட்டுக் கொடுக்கட்டும். ஒரு ஆளு வேலை செய்யறதைப் பாத்தா போதும், மத்ததெல்லாம் எனக்கு விளங்கிடும்."

"பழைய டிஸ்க்?" என்றேன், ஏதோ தெரிந்தவள் மாதிரி.

"அது பக்கத்துலயே இருக்கு. இந்த ஊர்ல பாதி வீட்டோட பிளான் அதுக்குள்ளதான். அதுல ஒரு கோடு அழிஞ்சாலும் சம்பந்தப் பேச்சு அதோட சரி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். என் தம்பிக்கு அன்றைக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட். நானும் கைக்கண்ணனும் மட்டும். வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு கூடை. வீட்டுக்குள் வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பேச வந்தவர்கள் பேச வேண்டும் என்பது ஸ்கேல்காரரின் விதி. கைக்கண்ணன் போனைப் போட்டான். போட்ட நிமிடமே கூடைக்குள் அது ஒரு தடவை உறுமியது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

கூடத்தில் சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி, மேசைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி, எல்லாம் ஒரே அளவு. புது டிஸ்க்கையும் பழையது எந்த நீளமோ எந்த அகலமோ அதே மாதிரிதான் வாங்கியிருந்தார். "இப்ப எல்லாம் சின்னதா வருதாம். எனக்கு வேணாம்னுட்டேன். பக்கத்துல பக்கத்துல வச்சா பாக்கச் சகிக்காது. என் மச்சான் கடைதான், தேடி எடுத்துக் கொடுத்தாரு."

"என் தம்பி எது கொடுத்தாலும் தரமாத்தான் கொடுப்பான்," என்றார் சமையலறை வாசலில் நின்ற பெண்ணின் அம்மா.

கைக்கண்ணன் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். அதைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்கேல்காரரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். கை மட்டும் உள்ளே போனது. "சார், எங்க தொழில்ல ஒரே சட்டம்தான். வேண்டியதை முதல்ல கழட்டு, அப்புறம் கையை வை. இதோ உங்க பழைய டிஸ்க்கைக் கழட்டியாச்சு. இனிமே பூகம்பமே வந்தாலும் உங்க பிளானுக்கு ஒண்ணும் ஆகாது."

"பாக்காமலே கழட்டிட்டீங்களே," என்றார் ஸ்கேல்காரர்.

"கைக்குத் தெரியும் சார்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பென் டிரைவைச் செருகினான், திரை நீலமாக வந்தது, என்னென்னவோ கேட்டது, இவனும் தட்டித் தட்டிப் பதில் சொன்னான். எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கிற இடம் வந்ததும் திரையில் வெறும் கட்டம். டிஸ்க் எதுவுமே காணவில்லை என்று கீழே ஒரு வரி.

"சில சமயம் இப்படித்தான் சார் வெக்கப்படும்," என்றான் கைக்கண்ணன்.

திரும்பத் தேடச் சொன்னான். காணவில்லை. பென் டிரைவை வேறு ஓட்டையில் மாற்றினான். காணவில்லை. டிரைவர் என்று ஏதோ ஒரு புரோகிராமைக் கேட்கிறது என்று வேறொரு பென் டிரைவிலிருந்து அதையும் ஊட்டிப் பார்த்தான். காணவில்லை. மெஷினை அணைத்துப் போட்டு பயாஸுக்குள் போனான். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தன் கை கால் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அங்கேயும் டிஸ்க் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு அமைப்பை மாற்றினான், மாற்றியதைத் திரும்ப மாற்றினான். வேர்த்துவிட்டது.

"வயரு சரியா இருக்கா தம்பி?" என்றார் ஸ்கேல்காரர்.

கைக்கண்ணன் அவர் முகத்தைப் பார்த்தபடியே கையை உள்ளே விட்டான். "தகவல் வயரு ரெண்டும் இறுக்கமா இருக்கு சார். கரன்டு வயரு, நான் பிடுங்கினது இதோ தொங்குது. எல்லாம் சரிதான்." கையை வெளியே எடுத்தான். அப்புறம் சொன்னான், சொல்லக்கூடாத வார்த்தையை. "சார், இது டிஸ்க்கே செத்த டிஸ்க்கு. கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டான்."

சமையலறை வாசலில் ஒரு தட்டு டங்கென்று வைக்கப்பட்டது. "யாரு கட்டினது? என் தம்பியா?"

"அய்யோ, அவரைச் சொல்லலைங்க, பொதுவா..."

"கடை அவனோடது, டிஸ்க்கு அவன் கொடுத்தது. இதுல பொது எங்கேர்ந்து வந்துச்சு? இருங்க, அவனையே கூப்பிடுறேன். அவன் வந்து பாக்கட்டும், எது செத்திருக்குன்னு." போனை எடுக்கக் கூடைக்குப் போனார். மணி அடித்ததே தவிரத் தம்பி எடுக்கவில்லை.

ஸ்கேல்காரர் என்னைப் பார்த்தார். கதவுக்கு வாங்கிய பலகை வளைந்திருந்தால் திருப்பி அனுப்பும் முன்பு பார்ப்பார்களே, அப்படி.

பெண் டீ கொண்டுவந்தாள். நல்ல பிள்ளையாகத் தலை குனிந்தே வந்தவள், கைக்கண்ணன் அருகில் வந்ததும் இருமினாள். அவன் நிமிரவில்லை. பெண் பக்கம் பார்க்கவே கூடாது, பழகியது தெரிந்துவிடும் என்று நான்தான் சொல்லி அழைத்து வந்திருந்தேன். மறுபடியும் இருமினாள்.

"டிஸ்க்குக்குக் கரன்டு போகுதான்னு பாக்கச் சொல்லுங்களேன்பா," என்றாள்.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்று எழுந்து சமையலறைக்குள் போனேன்.

"அத்தை," என்றாள் உள்ளே வந்ததும். சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் அத்தை. "காலையிலேயே பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டேன். அப்பா பிளான் பத்திரமா இருக்கட்டும், இவருக்கும் வேலை சுலபமா முடியட்டும்னு. மெசேஜ் கூட அனுப்பினேன்."

"மெசேஜ் கூடைக்குள்ள கிடக்குது. அப்ப அவன் கழட்டினது?"

"புதுசை."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேண்டியதைக் கழற்று என்று ஊர் முழுக்கப் பாடம் நடத்தியதில், இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே டிஸ்க்குகள் இரண்டும் கரன்டு இல்லாமல் படுத்திருக்கின்றன. தொங்குகிற வயரும் ஒன்றல்ல, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதால் அவன் கைக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

"இதை நான் வெளிய சொன்னா நான் எதுக்குக் கழட்டினேன்னு அப்பா கேப்பாரு," என்றாள். அழுகைக்கு ஒரு அடி பாக்கி. "நீங்கதான் எப்படியாவது சொல்லணும்."

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். "டேய்," என்றேன், "இதைப் பாத்ததும் எனக்கு என் பெரியப்பா மக ஞாபகம் வருது."

"இப்ப எதுக்கு அத்தை?"

"கேளு. அவளும் அவ வீட்டுக்காரரும் ரயில்ல போறாங்க. மேல ரெண்டு பெட்டி. இறங்குற இடம் வந்ததும் இவ முந்திக்கிட்டு நகைப் பெட்டியை இறக்கிக் காலுக்கடியில வச்சுட்டா. அது அவருக்குத் தெரியாது. அவரு யாருகூடவோ பேசிக்கிட்டே, நகைப் பெட்டியை நாம பத்திரமா இறக்கிடுவோம்னு, *பாக்காமலே* கையை விட்டு மிச்சமிருந்த பெட்டியை இறக்கிட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் மேல பாக்குறாங்க. பெட்டியையே காணோம்! திருடன் திருடன்னு ஒரே கத்தல்."

கைக்கண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அத்தை, நானே இங்க டிஸ்க்கைக் காணோம்னு உக்காந்திருக்கேன்."

"அதைத்தாண்டா சொல்றேன்!"

ஸ்கேல்காரருக்குத்தான் அக்கறை வந்தது. "பெரியப்பா மகள்னா, உங்க அப்பாவோட அண்ணன் மகளா, இல்ல அம்மாவோட அக்கா வீட்டுக்காரர் மகளா?"

"அப்பாவோட அண்ணன் மக. மூணாவது. ரெண்டாவது மக வேற, அவ பேக்கரிக்காரரைக் கட்டினவ."

"சரி. அந்த மனுஷன் ஒரு தடவை குனிஞ்சு காலுக்கடியில பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே?"

"அவரு எதையும் பாக்க மாட்டாருங்க. கைக்குத் தெரியும்பாரு."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. ஸ்கேல்காரர் எழுந்து டார்ச் விளக்கை எடுத்து வந்தார். தரையில் முழங்காலை ஊன்றிப் பெட்டிக்குள் வெளிச்சம் அடித்தார்.

"தம்பி, இங்க வாங்க. பாருங்க. கையால இல்ல, கண்ணால."

கைக்கண்ணன் குனிந்து பார்த்தான். அவன் ஆயுளில் ஒரு கம்ப்யூட்டரின் உள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ரெண்டு வயரும் தொங்குது," என்றார் ஸ்கேல்காரர். "நீங்க ஒரு தடவைதான் பிடுங்கினீங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இன்னொண்ணு யாரு?"

கைக்கண்ணனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் தலையைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான். முதல் தடவை சந்திக்கிற பெண்ணை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். வீட்டுச் சாவியை எங்கேடி வைத்தாய் என்று பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வை அது.

ஸ்கேல்காரர் அந்தப் பார்வையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தார்.

"நான்தான் கழட்டினேன்பா," என்றாள் மகள்.

"எதுக்கு?"

"வேண்டியதை முதல்ல கழட்டணும்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இதைக் கொஞ்சம் முன்னாடிதான் வேற ஒரு வாயில கேட்டேன்," என்றார் அவர். "அப்ப இதுவும் தானா பாத்துக்கிட்டதுதான். இந்தம்மாவோட முட்டி வலியும் பொய்."

"அது நிஜம்ங்க!" என்றேன். யாரும் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க அளந்து பாருங்க," என்றாள் மகள். "அளந்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். அளக்காம சொல்லாதீங்க."

அவர் புது டிஸ்க்கின் வயரை டார்ச் பிடித்துத் தானே செருகினார். திரையில் அது சமர்த்தாக வந்து நின்றது. "என் தம்பி கொடுத்தது," என்றார் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி.

"வேலையை முடிங்க," என்றார் ஸ்கேல்காரர். "எழுந்து போகச் சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனா பாதியில விட்ட வேலை எனக்குப் பிடிக்காது."

சிஸ்டம் ஏறத் தொடங்கியது. அதைப் போல மெதுவாக ஏறுகிற பொருளை நான் பார்த்ததில்லை. யாரும் எழுந்து போகவும் முடியாது, வேறு எதையும் செய்யவும் முடியாது. ஒருவர் கோபமாகவே இருப்பதற்கு அந்த நேரம் மிகவும் நீளம். முதலில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு நாளா?"

"மருந்துக்கடைக் கம்ப்யூட்டர் முதல்ல கெட்டதிலேர்ந்து சார்," என்றான் கைக்கண்ணன்.

"அது கெட்டுக்கிட்டேதான இருக்கு?"

"ஆமா சார்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்கேல்காரர் மகளிடம் திரும்பினார். "இவரு இந்த வேலைதான செய்யறாரு. நீ எதுக்கு முந்திக்கிட்டுக் கழட்டினே?"

"இவரு எதையும் பாக்காம செய்வாருப்பா. பேச ஆரம்பிச்சா கை எங்க போகுதுன்னு இவருக்கே தெரியாது. உங்க பிளானுக்கு எதுவும் ஆயிடக்கூடாதுல்ல?"

"பாக்காம செய்யற ஆளுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். டீ டம்ளரை உள்ள வச்சு மூடினது, பாட்டு டீச்சர் பாட்டு, எல்லாம் தெரியும். எங்கெங்க கூடவே நிக்கணும்னும் தெரியும்."

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுகிற கோடு திரையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"என் அக்கா மக ஒரு குறையும் இல்லாதவர்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டா," என்றார் கடைசியில். "இவ, எந்தச் சுவரு எவ்வளவு கோணல்னு அளந்து வச்சுக்கிட்டு வீடு கேக்குறா." பெருமூச்சு விட்டார். "எனக்கு முன்னாடியே அளந்துட்டா. அதுலதான் கோபம்."

இதெல்லாம் நடக்கும்போது கைக்கண்ணன் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அவ்வளவு பணிவு. நான்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் கை முதுகுக்குப் பின்னால் மேசை இழுப்பறையின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தது. நான் காலால் இடித்தேன். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

சிஸ்டம் ஏறி முடிந்தது. பழைய டிஸ்க்கின் வயரை, இந்தத் தடவை குனிந்து கண்ணால் பார்த்து, கைக்கண்ணனே செருகினான். ஸ்கேல்காரர் ஒவ்வொரு பிளானாகத் திறந்து பார்த்தார். ஒரு கோடு அழியவில்லை. மேசையில் இருந்த பேனாவை உள்ளே வைக்க இழுப்பறையை இழுத்தார். குமிழ் மட்டும் தனியாக அவர் கையோடு வந்தது.

குமிழைப் பார்த்தார். கைக்கண்ணனைப் பார்த்தார். "பாத்துப் போடுங்க, மாப்பிள்ளை," என்று அதை அவன் கையில் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த இரண்டு பேரும் இனிமேல் எதைக் கழற்றினாலும் வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இன்றைக்கும் அவர்கள் வீட்டுப் பக்கம் போனால் கேட்கலாம். "குக்கர் மூடியைக் கழட்டுறேன்!" "சரி, கழட்டு!" "சட்டையைக் கழட்டுறேன்!" "கழட்டு, தோய்க்கணும்!" மேல்மாடியில் குடியிருப்பவர்கள் ஆரம்பத்தில் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு ஜன்னலை மூடிக்கொண்டார்களாம்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தபடியே கண் அசந்துவிட்டேன். அரைத் தூக்கத்தில் மருமகளின் குரல் கேட்டது. "அத்தைக்குக் கண்ணாடியைக் கழட்டுறேன்!"

"சரி, கழட்டு," என்றான் கைக்கண்ணன், டிவியில் ஆட்டம் பார்த்தபடி.

கண்ணாடி மெல்லக் கழன்றது. கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். இன்னொரு கை வந்து என் நெற்றியைத் தடவியது, காதைத் தடவியது, கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணைத் திறந்தேன். கைக்கண்ணன் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வந்து பாரேன்," என்று உள்ளே குரல் கொடுத்தான், "அத்தை கண்ணாடியையே காணோம்!"